கலியாண அட்டையில் ஒரு எஞ்சினியர்

மகனே,

இதை என் குரலில் வாசிக்காதே. என் குரலில் வாசித்தால் எல்லாம் மேடை வசனமாகிவிடும், பிறகு நீயும் சிவானியும் சிரிப்பீர்கள். உன்னுடைய அந்தச் சத்தமில்லாத குரலிலேயே வாசி. நேற்று நீங்கள் இரண்டு பேரும் தெமட்டகொடைக்குக் குடிபோனதிலிருந்து அம்மா உன் அறையைக் கூட்டுகிறாள், கூட்டிய அறையையே திரும்பவும் கூட்டுகிறாள். நான் வெள்ளவத்தை வீட்டின் பல்கனியில் இருந்து எழுதுகிறேன். நேரில் சொன்னால் நான் நடிக்கத் தொடங்கிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். எழுதியதை எங்கள் நாடகக் குழுவின் மலருக்கும் கொடுக்கப் போகிறேன். கோபப்படாதே. பொய்யை ஊரறியச் சொன்னவன் உண்மையை மட்டும் காதோடு காதாகச் சொல்லிவிட்டுத் தப்பக் கூடாது.

நான் புளுகன். இதை இவ்வளவு காலமும் மற்றவர்கள்தான் சொன்னார்கள், இப்போது நானே சொல்கிறேன். கோட்டையில் ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். பெட்டி வந்தால் எண்ணி எழுதுவேன், பெட்டி போனால் எண்ணி எழுதுவேன். ஆனால் பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்து இறங்கும்போது நான் முகாமையாளராகிவிடுவேன். யாரையும் ஏமாற்றி ஒன்றும் வாங்கியதில்லை. மற்றவர்களின் முகத்தில் ஒரு மரியாதை வரும், அதைப் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். என்னைப் பற்றி அளந்துவிட்டு ஓய்ந்த பிறகு உன்னைப் பற்றி அளக்கத் தொடங்கினேன். நீ பிறந்து மூன்றாம் மாதம் விசிறியைப் பார்த்துச் சிரித்தாய். பிள்ளைக்கு இயந்திர மூளை என்று அடுத்த வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வயதில் எங்கள் பழைய குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றி, தூசி தட்டி, எதையோ இறுக்கி, அதைத் திரும்ப ஓடவைத்தாய். உன் கையெல்லாம் கறுப்பு. அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, போய்க் கழுவு என்று துரத்தினேன். ஆனால் தொலைபேசியை எடுத்து, மகன் பொறியியல் பீடத்துக்குத்தான் போவான் என்று எல்லாருக்கும் சொன்னேன். கையைக் கழுவச் சொன்னவனும் அந்தக் கையை வைத்துப் பெருமை பேசியவனும் ஒரே ஆள்தான், பார்.

உயர்தரப் பரீட்சை முடிவு வந்த அன்று நீ சுற்றி வளைக்கவில்லை. "அப்பா, ரெண்டு பாடம்தான் பாஸ். திரும்ப எடுக்க மாட்டன். ஏசி வேலை பழகப் போறன்" என்றாய். அம்மா அழுதாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உனக்குச் சாப்பாடு போட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? லண்டனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி முடிவு கேட்டுத் தொலைபேசி எடுத்தபோது, தனியார் நிறுவனம் ஒன்றில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்றேன். அவனும் வாழ்த்தினான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது எட்டு வருடம் போனது. நீ ஏணி தூக்கி, வெயிலில் சுவரோடு தொங்கி, கம்ப்ரசர் மாற்றி, முதலில் ஒருவருக்குக் கீழே வேலை செய்து, பிறகு சொந்தமாகத் தெமட்டகொடையில் ஒரு பட்டறை போட்டது வரை எல்லாம் நடந்துகொண்டிருந்தது. என் கதையில் மட்டும் நீ கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருந்தாய்.

உனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது தரகரிடம் கொடுக்கும் குறிப்பை நான்தான் எழுதினேன். நட்சத்திரம், உயரம், பெற்றோரின் ஊர், பிறகு தொழில். தொழில் என்ற இடத்தில் பேனா நிற்கவே இல்லை, பொறியியலாளர் என்று எழுதிக்கொண்டு போய்விட்டது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் என்று பெரியவர்களே அனுமதி தந்திருக்கிறார்களே என்று மனதைச் சமாதானப்படுத்தினேன். கொட்டாஞ்சேனையிலிருந்து சிவானி வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்த நாளை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. உன் மோட்டார் சைக்கிளை, அதில் கட்டியிருந்த ஏணியையும் வேலைப்பெட்டியையும், ஒழுங்கையின் அந்தக் கோடியில் கொண்டுபோய் விடச் சொன்னேன். நீ விட்டுவிட்டு நடந்து வந்தாய். உன் மாமனார் உன்னைப் பார்த்து வேலை எப்படி என்று கேட்டார். நீ வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டு, "சைட்டிலை பயங்கர வேலை, பாவம், நித்திரையே இல்லை" என்றேன். இரண்டாம் முறை கேட்டார், இரண்டாம் முறையும் நான். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. ஒரு தகப்பன் பிள்ளைக்குச் செய்யும் அவமானங்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியாது. அடித்திருந்தால்கூட நீ மறந்திருப்பாய். உனக்குப் பிள்ளை பிறந்தால், அது வாயைத் திறக்கும்போது உன் வாயை மூடிக்கொள். நான் உனக்குச் சொல்லும் ஒரே புத்தி இதுதான், மற்றதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்த நாட்களில்தான் எங்கள் குழு பழைய நாடகத்தைத் திரும்ப மேடையேற்ற முடிவு செய்தது. உனக்குத் தெரியும், வெளிநாட்டில் எழுதப்பட்டு எப்போதோ தமிழுக்கு வந்த நாடகம். ஒரு தகப்பன் தன் மகனைப் பற்றிப் பெரிய பெரிய கனவுகள் கண்டு, அவற்றை நடந்துவிட்ட விஷயங்களாகவே நம்பி, வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான். கடைசியில் மகன் முன்னால் வந்து நின்று, நீங்கள் சொல்லும் ஆள் நான் இல்லை, நான் சாதாரணமானவன் என்பான். இளவயதில் தலைக்கு வெள்ளை பூசி அந்தத் தகப்பனாக நடித்துக் கைதட்டு வாங்கியவன் நான். இப்போது வெள்ளை பூசத் தேவையில்லை என்று என்னையே கூப்பிட்டார்கள். அத்தனை வருடம் அந்த வசனங்களைச் சுமந்தும், அந்த ஆள் யார் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. குரலை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பதுதான் என் கவலை. ஞாபகம் முன்னைப்போல இல்லாததால் பின்னேரங்களில் நீ பிரதியை வைத்துக்கொண்டு மகனுடைய வசனங்களை வாசிப்பாய், நான் தகப்பனுடையதைச் சொல்வேன். அம்மா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

கலியாண அட்டை அச்சாகி வந்ததும் அப்படி ஒரு பின்னேரம்தான். நம் ஆட்களின் அட்டை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பெற்றோரின் ஊர், பதவி, பிள்ளையின் பட்டம், தொழில் எல்லாம் இருக்க வேண்டும். சனம் முகூர்த்த நேரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்க்கும். பொன் எழுத்தில் என் பெயருக்குக் கீழே ஓய்வுபெற்ற முகாமையாளர், உன் பெயருக்குக் கீழே பொறியியலாளர். நான் ஒவ்வொரு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். நீ வேலையால் வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாய். "இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லைத்தானே?" என்று கேட்டாய். வெள்ளிக்கிழமை முதல் அட்டையைக் கோயிலில் வைத்துவிட்டுத்தான் கொடுக்கத் தொடங்குவோம் என்றேன். சரி என்று சொல்லிக் குளித்துவிட்டு வந்து, வழக்கம்போல எதிரே உட்கார்ந்தாய். கடைசிக் காட்சி. நான் என் வசனத்தைச் சொல்லி முடித்து உன் வரிக்காகக் காத்திருந்தேன்.

"அப்பா, நான் எஞ்சினியர் இல்லை" என்றாய்.

"வசனம் பிழை. பிரதியைப் பாத்து வாசி" என்றேன் நான்.

"பிரதி மேசையிலை கிடக்கு. நான் ஏசி திருத்திறனான். எனக்கு அந்த வேலை பிடிக்கும். இந்த அட்டையோட நான் மணவறையிலை வந்து இருக்க மாட்டன்."

அப்போதும் எனக்கு விளங்கவில்லை, மகனே. விளங்காததுபோல நடித்தேனோ தெரியாது. எழும்பி நின்று, கையை உயர்த்தி, என் பிள்ளையின் பெருமை உனக்கென்ன தெரியும் என்று முழுக் குரலில் தொடங்கிவிட்டேன். அடுப்படியில் இருந்து அம்மா கையில் அகப்பையோடு வந்தாள். "உங்கட நாடகத்தை நிப்பாட்டுங்கோ. பிள்ளை கதைக்கிறான்" என்றாள். கலியாணம் செய்த நாளிலிருந்து அவள் என் வசனத்தை நடுவில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. நான் உட்கார்ந்தேன். கலியாணம் முடியட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்லுவோம் என்று கெஞ்சினேன். "கலியாணத்துக்குப் பிறகு சொன்னா அது உண்மையைச் சொல்லுறது இல்லை அப்பா, பிடிபடுறது" என்றாய். பிறகுதான் மற்றதையும் சொன்னாய். சிவானியோடு தொலைபேசியில் கதைத்த முதல் நாளே உன் தொழிலைச் சொல்லிவிட்டாயாம். அவள் சிரித்துவிட்டு, குறிப்பில் வேறு மாதிரி இருக்கிறதே என்றாளாம். அப்பா தானாகச் சொல்லுவார், கொஞ்சம் பொறு என்று நீ அவளிடம் தவணை கேட்டிருக்கிறாய். மூன்று கிழமை. நான் தங்க எழுத்தா வெள்ளி எழுத்தா என்று அச்சகத்தில் யோசித்துக்கொண்டிருந்த மூன்று கிழமையும் நீ எனக்காகக் காத்திருந்திருக்கிறாய். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவள் தகப்பன் வேண்டாம் என்று சொன்னால் நீ அந்தப் பிள்ளையை இழப்பாய், என் வாயால் இழப்பாய்.

"நாளைக்கு ஞாயிறு. கொட்டாஞ்சேனைக்குப் போறன். நீங்களும் வந்தா நல்லம். வராட்டி நான் தனியப் போறன்" என்றாய். அதட்டவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

அந்த மோட்டார் சைக்கிளில் நான் அதுவரை ஏறியதே இல்லை. ஏணியைக்கூட நீ கழற்றவில்லை. ஒரு தலைக்கவசத்தை என் தலையில் கவிழ்த்து, வாரை இறுக்கிவிட்டாய். காலி வீதி முழுக்க உன் தோளைப் பிடித்துக்கொண்டு, யாரும் தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று குனிந்துகொண்டே வந்தேன், இதையும் ஒத்துக்கொள்கிறேன். புறக்கோட்டையில் வாகனங்கள் இறுகி நின்றபோது கடை வாசலில் இருந்து ஒரு சிங்கள முதலாளி கையைத் தட்டிக் கூப்பிட்டார். "மல்லி, ஹெட்ட எனவத?" தம்பி, நாளைக்கு வருவாயா என்று கேட்கிறார். "எனவா அய்யே" என்றாய் நீ, வருகிறேன் அண்ணை என்று. அவர் என்னைப் பார்த்து யாரென்று கேட்டார். தாத்தா என்றாய், அவர்கள் பாஷையில் அப்பா. அந்த மனிதர் உடனே கடைப்படியை விட்டு இறங்கி வந்து என்னைக் கும்பிட்டார். நான் எத்தனையோ வருடம் புளுகித் தேடிய மரியாதை, மகனே, உன் ஏணிக்குப் பக்கத்தில் சும்மா நின்ற எனக்குக் கிடைத்தது. அதன் பிறகு நான் குனியவில்லை.

கொட்டாஞ்சேனை வீட்டில் உன் மாமனார் வெறும் மேலோடு பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் உள்ளே ஓடிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நீ கதிரையின் நுனியில் இருந்து, "மாமா, ஒரு விஷயம்" என்று தொடங்கினாய். நான் உன் கையைப் பிடித்தேன். "நான் சொல்லுறன்" என்றேன். வழியெல்லாம் மனதுக்குள் ஒரு நீண்ட வசனம் கட்டிக்கொண்டுதான் வந்தேன், காலம், கஷ்டம், தகப்பன் மனம் என்றெல்லாம். வாயைத் திறந்தபோது அதில் ஒன்றும் வரவில்லை. "நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். என்ர மகன் எஞ்சினியர் இல்லை. ஏசி திருத்திறவர். நானும் மனேஜர் இல்லை, கிளாக். மகன்ர பிழை ஒண்டும் இல்லை" என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சின்ன வசனம்.

அவர் எழும்பினார். முகம் சிவந்துவிட்டது. "என்ர பிள்ளையை ஏமாத்தப் பாத்தியளோ? எங்கட மரியாதை என்ன, எங்கட குடும்பம் என்ன!" என்று தொடங்கி, நான் இத்தனை காலம் மேடையில் கத்தியதைவிட நன்றாகக் கத்தினார். இந்தக் கலியாணம் வேண்டாம் என்ற சொல் அவருடைய நாக்கின் நுனியில் நின்றதை நான் கண்ணால் கண்டேன். நீ தலையைக் குனியாமல், அவர் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய். நான் தரையைப் பார்த்தேன். அப்போதுதான் சிவானி உள்ளே இருந்து வந்து கதவுநிலையில் நின்றாள்.

"அப்பா," என்றாள், "எங்கட அட்டையையும் எடுத்துக்கொண்டு வரட்டோ?"

உன் மாமனார் அப்படியே நின்றார். பிறகு கதிரையைத் தடவிப் பார்த்து மெல்ல உட்கார்ந்தார். அவர்கள் பக்க அட்டையும் அந்தக் கிழமைதான் அச்சாகி வந்திருந்தது. அதில் அவருடைய பெயருக்குக் கீழே என்ன இருந்தது என்று நமக்குத் தெரியும்தானே, துறைமுக அத்தியட்சர் என்று. எங்களுக்கு வந்த குறிப்பிலும் அதுதான். "நான் கிரேன் ஓட்டினனான், அண்ணை" என்றார். "முப்பது வருஷம். மேலை ஏறினா இறங்க மாட்டன். ஒரு பெட்டி விழுத்தினதில்லை." அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்துவிட்டார். நான் உடனே, நீங்கள் இறக்கிய பெட்டிகளில் எத்தனையை நான் எண்ணி எழுதியிருப்பேனோ என்றேன். இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. உன் மாமியார் வந்து, "ரெண்டு பேருக்கும் பிளேன்ரீ போடட்டோ, இல்லாட்டி இன்னும் பொய் மிச்சம் கிடக்கோ?" என்று கேட்டார். சிவானி உன்னைப் பார்த்ததையும் நீ அவளைப் பார்த்ததையும் நான் பார்க்காதமாதிரிப் பார்த்தேன். ஒரே தரகரின் பைக்குள் எங்கள் இரண்டு பொய்யும் ஒன்றோடொன்று கும்பிட்டுக்கொண்டு கிடந்திருக்கின்றன, பிள்ளைகள் நீங்கள் இருவரும் வெளியே நின்று பொறுமையாகக் காவல் காத்திருக்கிறீர்கள். அப்பன்மார் நாங்கள் எதற்குப் பெரியவர்கள் என்று எனக்கே தெரியவில்லை.

அட்டையைத் திரும்ப அடிக்க நான் தனியாகத்தான் அச்சகத்துக்குப் போனேன். புதிய வாசகத்தை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற களஞ்சிய எழுதுவினைஞர். குளிரூட்டித் திருத்துநர். அச்சகத்துப் பொடியன் அதை இரண்டு தரம் வாசித்தான். "அண்ணை, பட்டத்தைக் கூட்டச் சொல்லித்தான் சனம் வாறது. குறைக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கள்தான்" என்றான். குறைக்கவில்லை தம்பி, சரி பார்க்கிறேன் என்றேன். உன் மாமனார் தன் அட்டையில் பாரந்தூக்கி இயக்குநர் என்று போட்டார், அதுவும் சாதாரண எழுத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக.

அடுத்த கிழமை நாடகம். நீ முன்வரிசையில் இருந்தாய். மகனாக நடித்தவர் வந்து தன் வசனத்தைச் சொல்லும்போது அவருடைய குரலுக்கு மேலாகக் கத்தி அமுக்குவதுதான் என் வழக்கம், அதற்குத்தான் எனக்குக் கைதட்டு. இந்தத் தடவை நான் கத்தவில்லை. அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றேன். நெறியாளர் திரைக்குப் பின்னால் தலையில் கைவைத்துவிட்டாராம், நான் வரியை மறந்துவிட்டேன் என்று. மறக்கவில்லை. ஒரு பிள்ளை கதைக்கிறது, கேட்க வேண்டும் என்று தோன்றியது. அந்த நாடகத்துத் தகப்பனுக்குக் கடைசி வரை கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அவனைவிட நான் கெட்டிக்காரன் என்பதால் அல்ல, அவனுடைய பிள்ளையைவிட என் பிள்ளைக்குப் பொறுமை கூட. திரை விழுந்த பிறகு நான் அழுததை நீ பார்த்தாய், அது நடிப்பு இல்லை என்று இதில் எழுதி வைக்கிறேன்.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பம்பலப்பிட்டி மண்டபத்தில் நீ மணவறையில் இருந்தபோது லண்டன் தம்பி வந்து இறங்கினான். கோட் சூட், கையில் பூங்கொத்து. அட்டையை ஒழுங்காக வாசிக்கவில்லை போல. "அண்ணை, எங்கை எஞ்சினியர் மாப்பிள்ளை?" என்று மண்டபம் கேட்கக் கேட்டான். சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். முன்பென்றால் இந்த இடத்தில் நான் சிறகு முளைத்துப் பறந்திருப்பேன். "எஞ்சினியர் ஒருத்தரும் இல்லை. எட்டு வருஷத்துக்கு முதல் நான் உனக்குப் பொய் சொன்னனான். என்ர மகன் ஏசி திருத்திறவர், சொந்தப் பட்டறை, பிழை வராத வேலை" என்றேன். அவன் முகம் விழும் என்று எதிர்பார்த்து நின்றேன். அவன் பூங்கொத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தான். "அப்பிடியோ? நம்பரைத் தாங்கோ. மாமி வீட்டிலை ஏசி தண்ணி ஒழுகுது, நாங்கள் வந்த நாளிலையிருந்து ஒருத்தரும் வந்து பாக்கினம் இல்லை" என்றான். பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு பெண்மணியும் நம்பரை எழுதிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

நான் விடவில்லை. நீ வெயிலில் சுவரோடு நின்று வேலை செய்வதைச் சொன்னேன். புறக்கோட்டை முதலாளி படியிறங்கி வந்ததைச் சொன்னேன். பன்னிரண்டு வயதில் கையெல்லாம் கறுப்பாக நின்ற உன்னைக் கழுவச் சொல்லித் துரத்தியதையும், அது என் மடத்தனம் என்பதையும் சொன்னேன். மேளம் கொட்டிவிட்டது, தாலி ஏறுகிறது, எல்லாரும் பூப் போட எழும்பிவிட்டார்கள், நான் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்தாள். இருபத்தெட்டு வருடம் இல்லாத ஒரு மகனைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிந்த எனக்கு, இருக்கிற மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்தத் தெரியவில்லை, அதில் ஒரு சொல்கூடப் புளுகு இல்லை.

அப்பா